தியாகப் பட்டம் வேண்டாம்; ஊதியமும் ஓய்வும் தருக!

செம்பூரை அடுத்த சீத்தா கேம்ப், 1976இல் அவசர நிலைக் காலத்தில் ஜனதா காலனியிலிருந்து அணு ஆராய்ச்சி மையத்திற்காக வெளியேற்றப்பட்ட உழைக்கும் மக்களின் குடியிருப்பு. தமிழர் பெருமளவில் வாழும் இத்தகைய பகுதிகளில், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையை வளர்க்கும் தாயின் நிலை என்ன?

ஐந்து வயதில் இடுப்பில் சுமந்த மகன், பதினைந்து வயதில் அவளைவிடக் கனமானவன். குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் அவள் பொறுப்பே. மகளாயின் மாதவிடாய்க் கவனிப்பும், தனியே விட முடியாத அச்சமும் சேரும். வீட்டு வேலைக்குச் சென்றால் பிள்ளைக்குத் துணையில்லை, செல்லாவிட்டால் அடுப்பெரியாது. ‘எனக்குப் பின் யார்?’ என்ற கேள்வி உறக்கத்தைப் பறிக்கிறது. இந்த மனச்சோர்வுக்கு ஊரார் வைக்கும் பெயர் முன்வினை. மேடைகள் வைக்கும் பெயர் தியாகம். இரண்டுமே அரசைத் தப்பவிடுகின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. ஆனால் ‘அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற வாசகம் அதே பிரிவில் காவல் நிற்கிறது. பெருமுதலாளிகளுக்கு வரிச்சலுகை அளிக்கையில் இந்தத் திறன் எங்கிருந்து வருகிறது?

ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ மாதம் 300 ரூபாய். அதுவும் 18 வயது நிறைந்து, 80 விழுக்காடு குறைபாடு உள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழானவர்க்கே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. தாயின் மனநலத்திற்கு 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண் உண்டு. ஆறுதல் சொல்ல அது உதவலாம். அவள் வேலைக்குச் சென்ற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது.

மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்குப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது, பெண்களின் வேலைப் பங்கேற்பை உறுதிசெய்யும் அரசமைப்புக் கடமைக்கு முரணானது என 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒன்றிய அரசின் பெண் ஊழியருக்கு 730 நாள் வரை அவ்விடுப்பு உண்டு. வீட்டுப் பணியாளருக்கு ஒரு நாளும் இல்லை. கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், வேலைக்குச் செல்ல இயலாத பராமரிப்பாளர்க்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை போதாது, எனினும் பராமரிப்பும் உழைப்பே என்ற ஏற்பு அதில் உண்டு.

பராமரிப்பாளர்க்கு வாழ்வதற்குரிய படி, வார்டுதோறும் வளரிளம் பருவத்தினர்க்குப் பகல்நேரக் காப்பகம், பள்ளி முடிந்தபின் தொழிற்பயிற்சி, அருகிலேயே இலவச மனநலச் சிகிச்சை: இவையே நம் கோரிக்கைகள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் இத்தகைய குடும்பங்களைக் கணக்கெடுக்கட்டும். மாதர் அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் அத்தாய்மார்களை ஓரணியில் திரட்டட்டும். வீட்டுக்குள் தனித்தனியே அழும் துயரம், வார்டு அலுவலகத்தின் வாயிலில் ஒன்றுபட்ட முழக்கமாக எழட்டும்!