படிக்கட்டில் வேண்டிய வெளிச்சம்



1927 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மொன்றியாலின் லோரியே பலஸ் திரையரங்கில் தீப்பற்றி 78 பிள்ளைகள் மாண்டனர். தீயில் கருகியோர் மிகச் சிலரே. ஏனையோர் படிக்கட்டு நெரிசலிலும் புகையிலும் மூச்சிழந்தனர். பிள்ளைகளைத் திரைப்படத்திலிருந்து விலக்கவேண்டுமெனத் திருச்சபை முழங்கியது. மறு ஆண்டு சட்டமும் வந்தது. கொன்றது படமன்று, படிக்கட்டே என்பேன்.

இன்று கனடாவின் தேசிய கட்டட விதிக்கோவை, வெளியேறும் படிகளில் சராசரி 50 லக்ஸ் ஒளி கேட்கிறது. மின்சாரம் நின்றால் 10 லக்ஸ். மெழுகுதிரியொன்று ஒரு மீற்றர் தொலைவில் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ்தான். லொங்குய்ய் மண்டபங்களில் விழா எடுக்கும் நாமோ, அவசர விளக்கை அலங்காரத் துணியால் மூடி, படிகளில் கதிரைகளை அடுக்குகிறோம். அழகு கெடுமாம்! வரும் ஞாயிறு விருந்துக்கு முன், தயவுசெய்து அத்துணியைக் கழற்றிவிடுங்கள், கதிரைகளையும் அகற்றுங்கள்.