பெயர் மாடர்ன்தான்... அர்த்தம் காதில் விழுகிறதா?

குழந்தை பிறந்ததுமே பல கிறிஸ்தவ வீடுகளில் செல்போனில் தேடல் ஆரம்பம்: ‘பேரு மாடர்னா இருக்கணும், பைபிள் அர்த்தமும் வேணும்.’ ஹன்னா என்றால் எபிரேயத்தில் அருள். நேதன் என்றால் ‘அவர் கொடுத்தார்’. அழகான பெயர்கள்தான். ஆனால், கூப்பிடும்போது அர்த்தம் புரியாது. ஒவ்வொரு முறையும் விளக்கணும்.

நம்ம ஊரில் வேறொரு வழக்கமும் உண்டு. 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு வைத்த பெயர் லாசரஸ். ‘கடவுள் உதவினார்’ என்ற அதன் பொருளையே பெயராக்கி, தேவசகாயம் என்றார்கள். 2022-ல் வாடிகன் புனிதராக அறிவித்தபோதும் அந்தப் பெயர் கூடவே வந்தது.

ஹன்னா பிடித்திருந்தால் தாராளமா வைக்கலாம். ஆனால், அதே அர்த்தம் சொல்லும் அருள், கிருபா இரண்டும் சின்னப் பெயர்கள்தானே? பாட்டிக்கும் புரியும். லிஸ்ட்டில் அவற்றுக்கும் ஓர் இடம் கொடுக்கலாமே!