17 மணி நேரமும் 10 நாட்களும்



சென்ற ஆண்டு, பாரூர் ஏரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரை அடக்கம் செய்தோம். அவருடைய ஒரே மகன் ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை பழகி, பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்றவர். செய்தி கேட்டதும் தொலைபேசியில் அழுதவாறு, "பதினேழு மணி நேரந்தானே, சாமி! நான் வரும்வரை அப்பாவை வைத்திருங்கள்" என்று நம்மிடம் வேண்டினார்.

அவர் கூறிய கணக்குத் தவறன்று. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் 2021 சனவரி 9, சனிக்கிழமை இரவு புறப்பட்டது. ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே அதனை வடதுருவ வழியாக ஓட்டி வந்தனர். ஏறக்குறைய 17 மணி நேரம் பறந்து, திங்கள் அதிகாலையில் தரையிறங்கிற்று. குளிர்காலத்தில் நம் கடிகாரம் அந்நகரத்துக் கடிகாரத்தைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதால், பயணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வானத்திலேயே கழிந்துபோயிற்று!

வடதுருவத்தின் மேல் வருவானேன் என்று பிள்ளைகள் வினவக்கூடும். உருண்டைப் பூசணிக்காய் ஒன்றை எடுத்து, அதன் நடுவிடுப்புக்குச் சற்று மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் இரு புள்ளிகள் இடுங்கள். நூலை இழுத்துப் பிடித்தால், பக்கவாட்டில் சுற்றுவதைவிடக் காம்பின் அருகே ஏறி இறங்குவதே குறுகிய வழி என்பது புலப்படும். அவ்வாறு அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். மேல்வானத்துக் காற்று பின்னிருந்து தள்ளினால் நேரம் குறையும். எதிர்த்து வீசினால் கூடும். ஆகவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாய் இரா.

ஆயினும் இது வானத்தில் கழியும் நேரமே. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்ல வேண்டும். தேவனஹள்ளியில் இறங்கிய பின்னும் சோதனைகள் முடிந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் பாரூர் வந்து சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அந்த மகனுக்கோ அன்று நேரடி விமானமும் வாய்க்கவில்லை. சிங்கப்பூரில் இறங்கி மாறி வரும்படியாயிற்று. குளிர்பெட்டியில் இரண்டு இரவுகள் வைத்திருந்தபின், இனியும் வைத்திருக்க வேண்டாமென்று தாயாரே சொல்லிவிட்டார். மகன் வந்து சேர்ந்தபோது கல்லறை மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

தாமதம் விமானத்தால் நேர்ந்ததென்று ஊரார் பேசிக்கொண்டனர். மறுநாள் அந்த அம்மையார் நம்மிடம், "பத்து நாளாய்ப் படுக்கையில் கிடந்தார், சாமி. தூர தேசத்தில் பிள்ளை தனியே கலங்குவானே என்று நான்தான் சொல்லவில்லை" என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால், எத்தனை விமானம் மாறி வந்திருந்தாலும் ஒரு வாரமாவது தந்தையின் கையைப் பற்றி உட்கார்ந்திருப்பார். அந்தத் தாயை நாம் குறைகூற மாட்டோம். நோயில் பூசுதல் அளிக்க நாமே அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். மகனுக்குச் சொன்னீர்களா என்று கேளாமல் திரும்பிவிட்டோம்.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பியுள்ள பெற்றோரே, நோயை மறைப்பது அன்பாகத் தோன்றலாம். ஆனால் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை அது பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது. அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளே, கடவுச்சீட்டும், வேலைக்குத் திரும்பிச் செல்வதற்கான அனுமதியும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோயாளிகள் இருக்கும் இல்லங்களுக்குச் செல்லும்போது, செபத்துக்கு முன்பாக நாம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பிள்ளைக்குச் சொல்லியாயிற்றா?"