பிவிசி குழாயும் எர்த் கம்பியும்

பிவிசி குழாய் வழியே மரத்தூள் வேகமாகப் பாயும்போது தூளும் குழாய்ச் சுவரும் உரசிப் பிரிகின்றன. பிரியும்போதெல்லாம் கொஞ்சம் மின்னூட்டம் இடம் மாறும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்பதால் அது சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. இழைப்பு மெஷின் ஓடும்போது குழாயருகே கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்ப்பதும், வெளிப்புறத்தில் ஒட்டிய தூள் தட்டினாலும் உதிராததும் இதனால்தான்.

வீட்டுப் பட்டறைகளில் 4 அங்குலத் தண்ணீர்க் குழாயையே தூசி உறிஞ்சிக்கு மாட்டுகிறார்கள். ஷாக் அடிக்கத் தொடங்கியதும் குழாய்க்குள் வெறும் செம்புக் கம்பி ஒன்றை இழுத்து எர்த்தில் சேர்ப்பார்கள். பலன் சொற்பம். கம்பியை ஒட்டிய இடத்து மின்னூட்டம் மட்டுமே இறங்கும். ஒரு சாண் தள்ளி இருப்பது அப்படியே இருக்கும். போதாக்குறைக்குக் கம்பியில் மரச்சுருள் சிக்கிக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்து மின்னணு ஆலைகளுக்கு இது அன்றாடப் பாடம். நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் மனிதத் தோலுக்கு உறைக்கும். 100 வோல்ட்டிலேயே பழுதாகும் சிப்புகள் உண்டு. அதனால் தொழிலாளி மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டுகிறார். அதிலுள்ள 1 மெகா ஓம் மின்தடை, தவறிக் கரண்ட் கம்பியைத் தொட்டாலும் உடலில் பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும். உடல் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரே பட்டை போதும். சாதாரண பிளாஸ்டிக்குக்கு எர்த் கொடுத்துப் பயனில்லை. ஆகவே கார்பன் கலந்த கறுப்புத் தட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது அயனிக் காற்றை வீசி மின்னூட்டத்தைச் சமன் செய்கிறார்கள்.

பட்டறைக்கும் இதே கணக்குதான். மெஷின் உடல், இரும்பு கிளாம்ப், தகட்டு அடைப்பான், வளையும் ஹோஸுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ஆகியவற்றுக்குக் கட்டாயம் எர்த் வேண்டும். எர்த் இல்லாமல் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்திருக்கும் உலோகம், சேர்த்த மின்னூட்டம் முழுவதையும் ஒரே பொறியில் விட்டுவிடும். பிளாஸ்டிக் பரப்போ ஒரு பகுதியை மட்டுமே விடும். அதன் ஆற்றல் அதிகம் போனால் 4 மில்லிஜூல் அளவு. மரத்தூள் பற்றப் பெரும்பாலும் அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதோடு ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 40 கிராம் தூளாவது மிதந்தாக வேண்டும்.

ஆக, சிறு பட்டறையில் பயப்பட வேண்டியது குழாயின் மின்னூட்டத்தைவிட ஆணிக்குத்தான். ஆலைகள் கழித்த பேலட் பலகைகளை வாங்கி அறுக்கும்போது, உள்ளே புதைந்த ஆணியில் பிளேடு பட்டால் சிவந்த துகள் நேரே தூசிப் பைக்குப் போகும். தூளுக்குள் அது மணிக்கணக்கில் கனன்று, ஆளில்லாத நேரத்தில் தீயாகும். அறுக்கும் முன் ஆணிகளைப் பிடுங்கிவிடுவதும், பூட்டும் முன் பையைக் காலி செய்து வெளியே வைப்பதும் எந்தக் கம்பியையும்விட மேலான காப்பு.

தீப்பிடிக்கும் தூசியைக் கட்டுப்படுத்த, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு வகை செய்தது. வீட்டுப் பட்டறை அதன் வரம்பில் வரவில்லை. மரத்தூளோ, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்த பொருள். எர்த் கொடுத்த கையோடு நல்ல முகக்கவசம் ஒன்றும் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.