ஒயின் ஊர் என்று ஒதுங்க வேண்டாமே!

வெளிநாட்டு டூர் விளம்பரங்களில் 'ஒயின் தோட்டமும் பழைய நகரமும்' என்று சேர்த்துப் போடுகிறார்கள். பார்த்ததும் நம்மில் பலர், "ஐயே, குடிக்கிற ஊருக்கு நாம எதுக்கு?" என்று முகம் சுளிக்கிறோம். குடியால் குடும்பங்கள் சீரழிவதைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்த வெறுப்பு நியாயம்தான். ஆனாலும், ஒரு சொட்டுகூடத் தொடாமல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரையும் டூரோ நதிப் பள்ளத்தாக்கையும் பார்த்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே பார்க்க வேண்டியது பாட்டிலை அல்ல, உழைப்பை!

செங்குத்தான மலைச்சரிவில் பாறையை உடைத்து, கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சை போட்டிருக்கிறார்கள். 1756-லேயே அரசு எல்லை வகுத்துக் கொடுத்த ஒயின் பூமி இது. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறுவடையின்போது குலை பறிப்பது பெரும்பாலும் பெண்கள். கூடையைத் தோளில் சுமந்து இறங்குவது ஆண்கள் என்பதுதான் அந்தக் கால வழக்கம். நம் ஊர் நாற்று நடவு ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

அந்த மலையில் எல்லோரும் சொல்லும் பெயர் டோனா அந்தோனியா ஃபெரெய்ரா. 1811-ல் பிறந்தவர், 33 வயதில் கணவரை இழந்தார். மூலையில் உட்காராமல் தோட்டங்களைத் தானே கையில் எடுத்தார். பூச்சி விழுந்து கொடிகள் பட்டுப்போன காலத்திலும் அசரவில்லை. 1861-ல் டூரோ நதியில் படகு கவிழ்ந்தது. உடன் வந்த பாரன் ஃபாரெஸ்டர் மூழ்கிப்போனார். இவரோ குடை மாதிரி விரிந்த பாவாடை மிதக்க வைத்ததால் பிழைத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள்! 1896-ல் இறக்கும்வரை ஆண்களே ஆண்ட அந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார். இந்தக் கதையை நம் பெண் பிள்ளைகள் கேட்க வேண்டாமா?

மலையில் விளைந்ததெல்லாம் பீப்பாய்களில், படகு வழியாக, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள கிடங்குகளுக்கு வந்தது. அந்த வியாபாரம் வளர்த்த நகரம்தான் போர்ட்டோ. அதன் ஆற்றங்கரைப் பேட்டை ரிபெய்ரா. பூவேலை ஓடு பதித்த ஒல்லி ஒல்லியான வீடுகள், குறுகிய சந்துகள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணிகள். ஜன்னல் என்ற நம் சொல்லே போர்ச்சுகீசியர் தந்ததுதான், அலமாரியும் சாவியும்கூட!

என் ஆதங்கம் என்னவென்றால், டூர்காரர்கள் கிடங்கில் ருசி பார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ரிபெய்ராவையோ பாலத்தின் மேலிருந்தே காட்டி முடிக்கிறார்கள். குடிக்காத பெண்கள் பஸ்ஸில் கொட்டாவி விடவா அத்தனை பணம் கட்டினோம்? பணம் கட்டும் முன்பே, "பழைய தெருவில் நடக்க எவ்வளவு நேரம்? தோட்ட வேலையைக் காட்டுவீர்களா?" என்று கறாராகக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்தச் சந்துகளில் பல வீடுகள் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளாகி, வாடகை ஏறி, தலைமுறையாய் இருந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பாட்டி துணி உலர்த்தினால் அதையும் போட்டோ பிடிக்கிறது ஒரு கூட்டம். நம் வீட்டுக் கொடியை யாராவது அப்படிப் பிடித்தால் சும்மா இருப்போமா? அவர்கள் வாசலில் நாம் விருந்தாளி. ஒரு வணக்கம் சொல்லி, அவர்கள் கடையில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டு நகர்வதுதான் மரியாதை.

கிளாஸைத் தொட வேண்டாம், தோழிகளே. ஆனால் அதன் பின்னால் உள்ள கைகளையும் தெருக்களையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். நான் சொல்றது சரிதானே?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்