நிலத்தடிப் பாதையும் நிலத்து மக்களும்

மும்பை மாநகரின் வடபுறத்தில் ஆரே. தென்முனையில், கடலோரத்தில், கஃப் பரேடு. இவ்விரண்டையும் இணைத்து 33.5 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் அடியிலே ஓர் இருப்புப்பாதை ஓடுகிறது. மெட்ரோ மூன்றாம் பாதை என்பது அதன் பெயர். அதன் 27 நிலையங்களில் 26 நிலத்துக்கு அடியில் இருக்கின்றன. 2024 அக்டோபரில் ஆரே முதல் பாந்திரா–குர்லா வளாகம் வரையிலும், 2025 மே மாதத்தில் ஒர்லிக்கு அருகிலுள்ள ஆச்சார்ய அத்ரே சவுக் வரையிலும், 2025 அக்டோபரில் கடைசி வரையிலுமாக மூன்று தவணைகளில் அதைத் திறந்தார்கள். விடுதியிலும் உணவகத்திலும் இதைப் பற்றிப் பேசாத மாணவர் இல்லை. குளிர்ந்த காற்று, தூய்மையான மேடை, நெரிசலற்ற பெட்டி என்று வியக்கிறோம். வியப்பதில் தவறில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிடுவது படித்தவர்களுக்கு அழகா என்பதே என் கேள்வி.

இந்தப் பாதையோடு தொடர்புடைய இரண்டு ஊர்களைத் தமிழ் மாணவர்கள் மறக்கலாகாது. ஒன்று வரதய்யபாளையம், மற்றொன்று தாராவி. ஒன்றில் வண்டி பிறக்கிறது. மற்றொன்றின் அடியில் அது ஓடுகிறது. இரண்டிலும் தமிழர் வாழ்கின்றனர். இந்தப் பாதையால் அவர்களுக்கு விளையும் நன்மை என்ன என்று கணக்குப் பார்த்தால்தான் அதன் உண்மையான மதிப்பு விளங்கும்.

வரதய்யபாளையம் என் ஊர். ஆகவே அதை முதலில் சொல்கிறேன். 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும், அதன் பிறகு திருப்பதி மாவட்டத்திலும் சேர்ந்த மண்டலம் அது. அண்டையிலுள்ள சத்தியவேடு வட்டாரம் ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லைகளைத் திருத்தியபோது திருத்தணி சென்னை இராச்சியத்துக்கு வந்தது; சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. கோடு மாறியதே தவிர மக்கள் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவதை இன்றும் கேட்கலாம்.

வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் பரந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம். அங்கேதான் அல்ஸ்டாம் தொழிற்சாலை மெட்ரோ வண்டிகளைச் செய்கிறது. சென்னை மெட்ரோவின் முதற்கட்டத்துக்கு வாங்கிய 42 வண்டிகளில் ஒன்பது பிரேசிலிலிருந்து வந்தன. மற்ற 33 ஸ்ரீசிட்டியில் உருவானவை. 2024 ஆகஸ்டு முதல் சிட்னித் துறைமுகத்தின் அடியில் ஓட்டுநர் இல்லாமலே ஓடும் வண்டிகளும் அங்கே பிறந்தவைதாம். மும்பை மூன்றாம் பாதைக்கான 31 வண்டிகளும், வண்டிக்கு எட்டுப் பெட்டிகளாக, அங்கிருந்தே வந்தன. நம் நாட்டின் பெரிய இருப்புப்பாதைகளில் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், மெட்ரோவுக்கோ 1,435. ஆகவே மெட்ரோப் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் உருண்டு வர முடியாது. 2022-இல் முதல் வண்டியின் பெட்டிகளைப் பல சக்கரங்கள் கொண்ட நீண்ட டிரெய்லர்களில் ஏற்றி, சாலை வழியாகவே மும்பைக்குக் கொண்டு வந்தார்கள்.

இனி என் ஊரின் நிலையைக் கேளுங்கள். உலக நகரங்களுக்கெல்லாம் வண்டி செய்து அனுப்பும் அந்த மண்டலத்தின் தலைமை ஊருக்கு இருப்புப்பாதை கிடையாது. இரயில் ஏற வேண்டுமானால் தடாவுக்குப் போக வேண்டும். தொழிற்சாலைகளில் நிலையான வேலை பெற்றவர்களுக்குக் கம்பெனி பஸ் வரும். கூலிக்குப் போகிறவனும், கல்லூரிக்குப் போகும் பெண்ணும், சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் முதியவரும் ஷேர் ஆட்டோவின் விளிம்பில் தொற்றிக்கொண்டு போகிறார்கள். கொல்லன் வீட்டில் அரிவாள்மனைக்குப் பஞ்சம் என்பது போல இருக்கிறது இது!

இப்போது தாராவிக்கு வருவோம். நெல்லைச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கே குடியேறியவர்கள் தோல் பதனிட்டார்கள். இட்லி சுட்டு விற்றார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி ஊராக்கினார்கள். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு சைக்கிளில் புறப்படும் தமிழர்களை இன்றும் மும்பைத் தெருக்களில் காண்கிறோம். 2025 மே மாதத்தில் அந்தத் தாராவிக்கும் ஒரு நிலத்தடி நிலையம் கிடைத்தது. அங்கிருந்து மித்தி ஆற்றின் அடியாகச் சென்றால் அடுத்த நிலையம் பாந்திரா–குர்லா வளாகம். வங்கிகளும் வைர வணிகமும் குடிகொண்டிருக்கும் இடம் அது. குடிசைக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரே ஒரு நிலையத் தொலைவு! பொறியியல் செய்த இந்தச் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 17 துளையிடும் எந்திரங்கள் பாறையைக் குடைந்தன. அவற்றுக்கு வைதர்ணா, கிருஷ்ணா, கோதாவரி என்று ஆறுகளின் பெயர்களைச் சூட்டினார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இரவு பகலாகப் பூமிக்கு அடியில் உழைத்தார்கள்.

ஆனால் நிலையம் வந்த அதே காலத்தில் தாராவியைப் புதுப்பிக்கும் திட்டமும் வந்திருக்கிறது. அதன் விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியில்தான் இடம். அவ்வாறு வெளியேறுவோரைக் குடியேற்றவென்று உப்பள நிலங்களையும் ஒதுக்க 2024-இல் மகாராஷ்டிர அரசாங்கம் முடிவு செய்தது. தாராவியில் வீடு வேறு, தொழில் வேறு அல்ல. கீழே பட்டறை, மேலே குடும்பம் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். மாடியில் இருப்பவனை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டால் கீழே உள்ள பட்டறைக்கு யார் வருவார்? இருப்புப்பாதை ஓடினால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் ஏழை நகர வேண்டும். அப்படியானால் நிலையம் யாருக்காக வந்தது?

கட்டணத்தையும் பாருங்கள். 2025 அக்டோபரில் முழுப் பாதையும் திறந்தபோது ஆகக் குறைந்த கட்டணம் 10 ரூபாய். கோடியிலிருந்து கோடிக்கு 70 ரூபாய். மாதத்தில் 25 நாள் கோடிக்குக் கோடி போய்வந்தால் 3,500 ரூபாய் ஆகிறது. அதே தொலைவுக்குப் புறநகர் இரயிலின் இரண்டாம் வகுப்புச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எல்லா வண்டிகளுக்கும் ஒரே கைப்பேசிச் செயலியில் டிக்கெட் வாங்கலாம் என்று அப்போதே ஏற்பாடும் செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் டிக்கெட் ஒன்றாவது வேறு. கட்டணம் ஒன்றாவது வேறு.

“ஏழைக்குத்தான் புறநகர் இரயில் இருக்கிறதே; அவன் ஏன் இதில் ஏற வேண்டும்?” என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்தப் புறநகர் இரயிலில் நெரிசலில் விழுந்தும் பாதையைக் கடக்கும்போது அடிபட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோகிறார்கள். ஏழையின் உயிருக்கு மட்டும் மூடும் கதவு வேண்டாமா? மேலும் இப்பாதைக்கு ஆன செலவு 37,000 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பகுதி ஜப்பானிடம் பெற்ற கடன். கடனை அடைப்பது பொதுப்பணம். கடையில் பத்து ரூபாய்க்குத் தேயிலைத்தூள் வாங்குகிறவனும் அதற்கு வரி கட்டுகிறான். ஆரேயில் 2019 அக்டோபரில் ஒரே மூச்சில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்தன. கிர்காவ், கால்பாதேவித் தெருக்களில் பல குடும்பங்கள் பழைய வீட்டை விட்டு எழுந்து போயின. இத்தனை பேர் விலை கொடுத்த வண்டியில் சிலர் மட்டும் ஏறுவது முறையாகாது.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். எட்டுப் பெட்டி வண்டியின் எடை பல நூறு டன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்கூடிய அந்த வண்டி பாதி காலியாக ஓடினாலும் அதை இழுக்க வேண்டிய மின்சாரம் பாதியாகக் குறைவதில்லை. சுரங்கத்துக்குக் காற்று தள்ளும் விசிறிகளும் நீரை வெளியேற்றும் பம்புகளும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஆகவே கூடுதலாக ஏறும் ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு சொற்பமே. கட்டணத்தைக் குறைத்து வண்டியை நிரப்புவது இரக்கத்தின் பேரால் செய்யும் தானம் அன்று. இயற்பியல் காட்டும் சிக்கனம்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. புறநகர் இரயில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், சிறு தொகை கூடுதலாகக் கட்டி, மூன்றாம் பாதையிலும் பிரயாணம் செய்ய வழி வேண்டும். தாராவியில் மாடியில் இருப்பவரானாலும், பின்னால் வந்தவரானாலும், நிலையத்துக்கு நடந்து வரும் தூரத்திலேயே அவர்களுக்கு வீடு வேண்டும். வரதய்யபாளையத்துக்கும் ஸ்ரீசிட்டிக்கும் தடா நிலையத்து வண்டி நேரங்களை ஒட்டி அரசாங்க பஸ்கள் நிறைய ஓட வேண்டும். காலப்போக்கில் ஓர் இருப்புப்பாதைக் கிளையும் வேண்டும். கடலடியில் வண்டி ஓட்டத் தெரிந்த காலத்தில் இவை எட்டாக்கனிகள் அல்ல.

கேட்பதோடு நம் கடமை தீராது. தாராவியில் 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அங்குள்ள தமிழ் முதியோர் பலருக்கு மராத்திப் படிவம் புரிவதில்லை. எந்தச் சான்று எந்த ஆண்டுக்கு உரியது என்று சொல்வாரும் இல்லை. நம் சங்கத்தில் மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் போனால் போதும். பலருடைய ரேஷன் கார்டுகளையும் மின்கட்டண இரசீதுகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்து, மனு எழுதித் தரலாம். ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்க்கிறோம். அந்த நேரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவோம். தாராவி நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் நமக்காகக் காத்திருக்கும் வேலை அதுதான்.