தனக்குரியதல்லாத பதக்கம்



அமெரிக்காவில் மகன் வீட்டில் நான்கு மாதம் தங்கித் திரும்பிய நம் சபையின் மூப்பர் ஒருவர், சென்ற வாரம் தமது கைப்பேசியில் ஒரு காணொளியைக் காண்பித்தார். ஒரு வணிக வளாகம். இராணுவச் சீருடையும் மார்பு நிறையப் பதக்கப் பட்டைகளும் அணிந்த ஒருவரை முன்னாள் படைவீரர் ஒருவர் வழிமறித்துக் கேள்வி கேட்கிறார். எந்தப் படைப்பிரிவு, எங்கே பயிற்சி, எந்த ஆண்டு? பதில்கள் தடுமாறுகின்றன. கூட்டம் கூடுகிறது. கடைசியில் அந்த மனிதர் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியேறுகிறார்.

“ஐயா, இது நியாயந்தானே?” என்று மூப்பர் கேட்டார். “நியாயந்தான்” என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு விரைவாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இந்த வாரம் முழுவதும் தோன்றிக்கொண்டிருக்கிறது.

படையில் செய்யாத ஊழியத்தைச் செய்ததாகக் கூறிப் பெருமை தேடுவதை அந்நாட்டில் ‘திருடப்பட்ட வீரம்’ என்று அழைக்கின்றனர். திருட்டு என்ற சொல் மிகையன்று. கையெறி குண்டின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்தவர்களுக்கு அந்நாட்டின் உச்ச விருதான கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களுள் பலர் அதைத் தம் கையால் வாங்க உயிரோடிருக்கவில்லை. அப்படிப்பட்ட தோழனை அடக்கம்செய்துவிட்டு வந்த ஒருவர், கடையில் வாங்கிய பதக்கத்தோடு மற்றொருவன் நிற்கக் கண்டு கொதிப்பதை நாம் எப்படிக் குறைசொல்ல முடியும்? அவர் தம் பெருமைக்காகக் கோபப்படவில்லை. இனிப் பேச இயலாத ஒருவருக்காகக் கோபப்படுகிறார்.

2007-ஆம் ஆண்டில், கலிஃபோர்னியா மாநிலத்துக் குடிநீர் வாரியமொன்றின் உறுப்பினரான சேவியர் அல்வாரெஸ் என்பவர், ஒரு கூட்டத்தில் தம்மை அறிமுகம் செய்கையில், தாம் 25 ஆண்டுகள் மரைன் படையில் இருந்தவர் என்றும், பலமுறை காயமுற்றவர் என்றும், 1987-இல் கௌரவப் பதக்கம் பெற்றவர் என்றும் சொன்னார். அவர் ஒரு நாளேனும் படையில் இருந்ததில்லை. அவ்வாறு சொல்வதையே குற்றமாக்கும் சட்டம் 2006 டிசம்பரில் கையெழுத்தாகியிருந்தபடியால் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கிற்று. பொய் என்பதற்காக மாத்திரம் ஒருவர் பேச்சை அரசு தண்டிக்கத் தொடங்கினால் அதற்கு எல்லை எது என்பதே நீதிபதிகளில் பெரும்பாலோரின் கவலை. 2013-இல் வந்த புதிய சட்டம், பணமோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு இப்படி ஏமாற்றுகிறவர்களைத் தண்டிப்பதோடு நின்றுகொண்டது. தண்டனை ஓராண்டு வரை சிறை.

அல்வாரெஸ் தேடியது பணமன்று. தமக்குக் கிட்டாமற்போன மரியாதையைப் பெறுவதற்கான பரிதாபமான முயற்சியாகவே நீதிமன்றமும் அதைக் கண்டது. பொய்க்கு மருந்து சிறையன்று, உண்மையை எல்லாரும் பார்க்கும்படி வைப்பதே என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. சில வாரங்களுக்குள் பாதுகாப்புத் துறை, உயர் விருது பெற்றோரின் பட்டியலை இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத் தொடங்கியது.

அரசு செய்யுமுன்னே முன்னாள் வீரர்கள் சிலர் இதைச் செய்துகொண்டிருந்தனர். வியட்நாம் போரில் பணியாற்றிய பி. ஜி. பர்கெட், டெக்சாஸில் ஒரு நினைவுச்சின்னத்திற்கு நிதி திரட்டச் சென்றபோது, வியட்நாம் வீரர்களைக் குறித்து மக்கள் கொண்டிருந்த எண்ணங்களில் பல, வீரர்களாக நடித்தவர்களின் கதைகளால் உண்டானவை என்று கண்டுகொண்டார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொருவரின் படைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினார். 1998-இல் அதைப் புத்தகமாக்கினார். எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. அவர் போரில் தளவாடப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். அதை மறைக்காமல் அப்படியே சொல்லிக்கொண்டவர்.

தளவாடம் என்றதும் எனக்கு சிக்லாகு நினைவுக்கு வந்தது. 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். தாவீதோடு போன அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றங்கரையில் ரஸ்துக்களைக் காத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நானூறு பேர் போய் வென்று வந்தார்கள். நின்றுவிட்டவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை என்று சிலர் முறையிட்டபோது, போருக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் பங்கு சமம் என்று தாவீது தீர்த்தார். இஸ்ரவேலில் அது நிலையான பிரமாணமாயிற்று.

இதற்குச் சில நாட்களுக்குள்ளாகவே, அதே சிக்லாகுக்கு, கிழிந்த வஸ்திரத்தோடும் தலையில் புழுதியோடும் ஓர் அமலேக்கியன் வருகிறான். கில்போவா மலையில் சவுலைத் தானே கொன்றதாகச் சொல்லி, அவருடைய முடியையும் அஸ்தகடகத்தையும் தாவீதின் முன் வைக்கிறான். சவுல் தம் பட்டயத்தின்மேல் தாமே விழுந்தார் என்று முந்தின அதிகாரம் சொல்லுகிறது. இவை இருவேறு மரபுகள் என்பாரும் உண்டு. இவன் வெகுமதியை எண்ணிப் பொய் சொன்னான் என்றே நான் வாசிக்கிறேன். செய்யாத செயலைத் தன்னுடையதாக்கினான். செத்தவரின் உடலிலிருந்து எடுத்த அடையாளத்தைச் சாட்சியாக்கினான். செய்யாத அந்தச் செயலுக்காகவே மாண்டான்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நான் இத்தனை வருஷமும் தனித்தனியாகவே பிரசங்கித்து வந்திருக்கிறேன். சேர்த்து வாசித்தால் வேறு ஏதோ தெரிகிறது. அமெரிக்காவில் பிடிபடுகிறவர்கள் எல்லாரும் படையையே பாராதவர்கள் அல்லர். ஒரு பகுதியினர் உண்மையாகவே சீருடை அணிந்தவர்கள். சமையற்கூடத்திலும் வாகனப் பணிமனையிலும் கிடங்கிலும் நேர்மையாக உழைத்தவர்கள். வீடு திரும்பியதும் அவர்களைப் பார்த்து, எத்தனை பேருக்குச் சோறு சமைத்தாய் என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை பேரைச் சுட்டாய் என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கூசிப்போய் ஒரு சிறு கதை பிறக்கிறது. கதை வளர்ந்து பதக்கமாகிறது. அவர்கள் செய்தது தவறு. கேட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

வெளிப்படுத்துகிறவர்கள் தவறும் இடமும் உண்டு. 1973 ஜூலை 12 அன்று, செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் பதிவேடுகளைக் காத்துவந்த கட்டடம் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சத்திற்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. இரண்டாம் உலகப் போரில் மெய்யாகவே போரிட்ட ஒரு முதியவரைக் குறித்துக் கேட்டாலும் காகிதம் கிடைக்காமல் போகலாம். ஞாபகம் தளர்ந்தவர், ஒரு பட்டையை இடம் மாற்றிக் குத்தியிருப்பவர் ஆகியோரை வீதியில் நிறுத்திப் படம் பிடித்தால், பொய்யனைப் பிடிக்கப் போட்ட வலையில் வீரனே அகப்படுவான்.

1996-இல் அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜெரமி பூர்டா. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அந்த உச்சிக்கு வந்தவர். தம் பட்டைகளின்மேல் அவர் அணிந்திருந்த இரண்டு சிறிய அடையாளங்களுக்கு அவர் உரியவர்தாமா என்று கேள்வி எழுந்தது. பத்திரிகையாளர்கள் அதைப் பற்றிக் கேட்க வரவிருந்த மே 16 அன்று அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவற்றை அணிய அவருக்கு உரிமை இருந்ததா என்ற விவாதம் அதன் பின்னும் ஓயவில்லை. கேள்வி கேட்டது தவறென்று நான் சொல்லவில்லை. கேள்விக்கு உள்ளாகிறவர் எவ்வளவு பாரத்தோடு நிற்கிறார் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது என்று மாத்திரம் சொல்லுகிறேன்.

ஆகையால் மூப்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: கோபம் நியாயம், விசாரணை நியாயம், காகிதத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது நியாயம். பொய்யால் பணம் பறித்தவனை நீதிமன்றத்தில் நிறுத்துவதும் நியாயம். பலர் சிரிப்பதற்காகக் கைப்பேசியை உயர்த்துவது மாத்திரம் வேறு வகையைச் சேர்ந்தது. முதலாவது அவனும் நீயும் தனித்திருக்கையில் என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் வைத்த ஒழுங்கை இங்கே ஏன் விட்டுவிட வேண்டும்?

இதை நான் சொல்லுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்திற்கு என்னை அழைத்திருந்தார்கள். சுவரொட்டியில் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டிருந்தார்கள். நான் படித்தது பி.டி. மாத்திரமே. முதல் நாள் பார்த்தேன், திருத்தச் சொல்லலாம் என்று எண்ணினேன், சொல்லவில்லை. மூன்று இரவும் மேடையில் அப்படியே அழைத்தார்கள். மூன்று இரவும் எழுந்து போய்ப் பேசினேன்.

கடைசி இரவு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லாரும் கலைந்து போகும்வரை காத்திருந்து, அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, “ஐயா, முனைவர் பட்டம் எந்தக் கல்லூரியில் செய்தீங்க?” என்று கேட்டார். செய்யவில்லை என்றேன். “அப்படித்தான் நினைச்சேன். அந்தச் சுவரொட்டிகளை எடுக்கச் சொல்லிடுறேன்” என்றார். பிறகு எனக்குக் காபி வாங்கிவரப் போனார்.

அதன் பின்பு பலமுறை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அவர் இதை ஒருவரிடமும் சொன்னதாக என் காதுக்கு இதுவரை எட்டவில்லை.